வளைந்த ஸ்கேலும் டீச்சரின் காதும்

அரைமில்லி என்று கேட்டால்தான் தெருவில் ஆள் தெரியும். வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு; அது கல்யாணப் பத்திரிகையோடு சரி. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், மேஜையின் ஒரு கால் அரை மில்லிமீட்டர் குறைகிறது என்று எழுந்து, காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் சொருகிவிட்டுத்தான் தட்டில் கை வைத்தார். அன்றைக்கு மச்சினன் சூட்டிய பெயர் இருபத்தாறு வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதிதாகக் கேட்கிறவர்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு கிட்டே வந்து மோந்து பார்ப்பதும் உண்டு. பாவம், அவர் டீயைத் தாண்டி எதையும் தொட்டதில்லை.

தொழில் பியானோ பழுது பார்ப்பது. ஆரம்பித்தது என்னவோ மரச்சாமான் பட்டறையில், அலமாரிக் கதவு பொருத்துகிற வேலையில். பக்கத்துக் கட்டடத்தில் பியானோ விற்கிற கடை இருந்தது. ஒருநாள் ஒரு பியானோவின் மூடி இறுகிக்கொண்டது, வந்து பார் என்று கூப்பிட்டார்கள். பத்து நிமிஷ வேலை. மூடியைத் திறந்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர், இருநூறு சொச்சம் கம்பிகள் ஒன்றையொன்று இடிக்காமல் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சாயங்காலம்வரை பட்டறைக்குத் திரும்பவில்லை. அடுத்த மாதம் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கடைக்காரர் கடையை மூடிக்கொண்டு போன பிறகு சொந்தமாக, தோளில் ஒரு பையோடு வீடு வீடாகப் போய் வருகிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பாட்டு வராது. ரேடியோவில் ஓடுவது என்ன பாட்டு என்பதை மனைவியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். காது கெட்டிக்காரக் காதுதான். ஆனால் அதன்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம், ஜலதோஷத்தோடு போய்க் காதாலேயே சுருதி சேர்த்த ஒரு பியானோ, மறுநாள் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் அவர் மானத்தை வாங்கிவிட்டது. அன்றோடு காதுக்கு ஒரு பெரிய கும்பிடு. முள் காட்டினால் நம்புவார், எண் வந்தால் நம்புவார். "காது பொய் சொல்லும், அளவு பொய் சொல்லாது" என்பது அவர் வாயில் அன்றாடம் வந்துபோகிற வசனம். சூடு கண்ட பூனை என்று நாம் சொல்வோம். அவர் அதைக் கொள்கை என்று சொல்லிக்கொண்டார்.

அவர் அளப்பதிலேயே அவருக்குப் பிடித்தது கம்பியின் அமுக்கம். இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. துணி காயப்போடுகிற கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தொய்யாமல் இருக்க ஒரு கழியை முட்டுக் கொடுத்து நிறுத்துவோம் இல்லையா? கழி போதுமான உயரம் இருந்தால் கொடி அதன் தலையை அமுக்கிக்கொண்டு நிற்கும். கழி குட்டையானால் கொடி சும்மா தொட்டுக்கொண்டு கிடக்கும். பியானோவில் கழிக்குப் பதில் நீளமான ஒரு மரக்கட்டை, பிரிட்ஜ் என்பார்கள். சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஒலிப்பலகைமேல் அதை ஒட்டியிருப்பார்கள். கம்பி முன்னாலிருந்து வந்து பிரிட்ஜின்மேல் ஏறி, பின்னால் ஒரு இம்மி இறங்கிப் போகும். அந்த இறக்கத்தால்தான் கம்பி பிரிட்ஜை அமுக்குகிறது. கம்பியின் துடிப்பு பலகைக்குப் போய்ச் சேருகிறது. அமுக்கம் அதிகமானால் பலகைக்கு மூச்சு முட்டும். இல்லாமலே போனால் சத்தம் வந்த வேகத்தில் செத்துவிடும். காலம் போகப் போகப் பலகை தளர்ந்து உட்கார்ந்துவிட்டால் அமுக்கமும் போய்விடும்; அதற்குப் பிறகு அந்தப் பியானோவுக்குச் செய்வதற்கு அதிகம் இல்லை.

இதை அளக்க அவரிடம் நடுவிரல் நீளத்தில் ஒரு பித்தளைக் கேஜ் உண்டு. அதற்கு மூன்று கால். ஓரக்கால்கள் இரண்டும் பிரிட்ஜுக்கு முன்னும் பின்னும் கம்பிமேல் நிற்கும். நடுக்கால் பிரிட்ஜின்மேல் இருக்கிற கம்பியைத் தொடும். நடு எவ்வளவு மேடாக இருக்கிறது என்று முள் காட்டும். அவர் அதை எடுத்து வைப்பதே ஒரு காட்சி. துணியால் துடைப்பார். பையிலிருந்து கெட்டியான ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, அதன் முனைப்பக்கம் கேஜை நிறுத்தி, திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார். "சமமான இடத்துல பூஜ்யம் காட்டணும். அப்பத்தான் மேட்டுல காட்டுறது நிஜம்" என்று வீட்டுக்காரர்களுக்கு ஒரு விளக்கமும் நடக்கும். அவர்களும் டாக்டர் ஊசி எடுப்பதைப் பார்க்கிறவர்கள் மாதிரி பேசாமல் நிற்பார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பியானோ டீச்சர் வீட்டில் நடந்ததும் இதுதான். டீச்சருக்கு அறுபத்தொரு வயது. தனியாக இருக்கிறார். முன்னறையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு ஒரு கிராண்ட் பியானோ. முப்பத்தெட்டு வருஷமாக அதில்தான் பாடம். சுவரோரம் பிள்ளைகள் காத்திருக்க ஒரு பெஞ்சு, அதன்மேல் கிழிந்த நோட்டுகள், பாதி தின்ற பென்சில்கள்.

"மேல் ஸ்தாயில, இந்த வலது ஓரத்துல ஒரு பத்துக் கட்டை மட்டும் மங்கலா கேக்குது தம்பி. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் டீச்சர்.

அரைமில்லி கேஜை வைத்தார். முள் பூஜ்யத்தில் நின்றது. சில இடங்களில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போனது. மேலே மட்டும் அல்ல, நடுவிலும் அப்படியே. ஒவ்வொன்றாக அளந்து நோட்டில் எழுதினார். ஒரு மணி நேரம் கழித்து நிமிர்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"பலகை உக்காந்துடுச்சு டீச்சர். மேல மட்டும் இல்ல, மொத்தமும். இனிமே இதுக்கு என்ன பண்ணாலும் ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற மாதிரிதான்."

"அப்படியா? நடுவுல நல்லா நின்னு கேக்குதே." டீச்சர் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். சத்தம் எழுந்து, அறை முழுவதும் போய், மெல்ல மெல்ல இறங்கியது.

அவர் அதைக் கேட்கவில்லை. எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "முப்பத்தெட்டு வருஷம் கேட்டுப் பழகின காது டீச்சர். இல்லாத சத்தத்தை அதுவே நிரப்பிக்கும். வயசும் ஆகுதில்ல."

டீச்சர் கட்டையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். "எங்க அக்காவுக்கும் அறுபதுலதான் காது போச்சு" என்று மட்டும் சொன்னார்.

மறுவாரம் டீச்சரே போன் செய்தார். பியானோவை எடுத்துப் போக ஆள் வேண்டுமாம். அரைமில்லியின் மச்சினனிடம் ஒரு வேன் இருக்கிறது; பழைய சாமான்களை வாங்கி மரம் தனி, இரும்பு தனி என்று பிரித்து விற்கிறவன். அவனைச் சனிக்கிழமை பத்து மணிக்கு வரச்சொல்கிறேன் என்றார் அரைமில்லி. பிறகு, "வேற பியானோ ஏதாவது பாக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டார்.

"வேண்டாம் தம்பி. கிளாஸை நிறுத்திட்டேன். எது உயிரோட இருக்கிற சத்தம், எது செத்த சத்தம்னு எனக்கே தெரியலன்னா, பிள்ளைங்களுக்கு நான் எதைச் சொல்லிக் கொடுக்கிறது?"

அரைமில்லிக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் எண் எண்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. அவர் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறை அவளுடைய ராஜ்யம். கண்ணாடி போட்ட வெட்டு மேஜையும் இரண்டு தையல் மிஷினும் போக மிச்சம் இருக்கிற மூலையில் உட்கார்ந்துதான் அவர் காலை டீயைக் குடிப்பார். அந்த வாரம் அவளுக்குக் கெட்ட வாரம். மூன்று நாளில் மூன்று பேர், சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று திரும்பி வந்துவிட்டார்கள். மூன்றாவதாக வந்த பெண் கண்ணாடி முன்னால் நின்று, "அளவு குடுத்து ஒரு வாரம்தானே அக்கா ஆகுது? அதுக்குள்ள குண்டாயிட்டேனா?" என்று கிட்டத்தட்ட அழுதுவிட்டாள்.

"என்னங்க, இங்க பாருங்க." மனைவி இரண்டு டேப்புகளைச் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டாள். ஒன்று ஆளை அளக்கிற டேப், இன்னொன்று மேஜையில் துணி அளக்கிற டேப். தலைப்பு ஒன்றாக இருந்தது; நாற்பதாவது இஞ்சில் ஒன்று மற்றதைவிட அரை இஞ்ச் கீழே இறங்கியிருந்தது. "ஆளை அளக்கிற டேப் நீண்டுபோச்சு. இழுத்து இழுத்துப் புடிக்கிறோம்ல. இதுல குறைச்சுக் காட்டுது, நான் அதுல குறைச்சு வெட்டுறேன்."

அவர் சிரித்தார். "ஒரு டேப்பை மாத்த மூணு பேரு வந்து அழணுமா?"

"சிரிங்க சிரிங்க. எனக்கு டேப் மேல சந்தேகமே வரல. முதல்ல வந்த அந்தம்மாகிட்ட, நீதான்மா உடம்பு போட்டுட்டேன்னு வாய்விட்டுச் சொல்லித் தொலைச்சேன். ரெண்டு நாளா அது ராத்திரி சாப்பாட்டையே விட்டுடுச்சாம். நான் போய் மன்னிப்புக் கேட்கணும்." பழைய டேப்பைக் கத்தரியால் நறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். "துணியை அளக்கிறோம், ஆளை அளக்கிறோம், டேப்பை எவளாவது அளக்கிறாளா?"

அவர் கையிலிருந்த டீ வாய்க்குப் போகவில்லை. கேஜை ஸ்கேலில் வைத்துச் சரிபார்க்கிறோம். ஸ்கேலை எதில் வைத்துச் சரிபார்த்தோம்? இந்தக் கேள்வி இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றியதில்லை. ஊரில் இருக்கிற மேஜைக் காலையெல்லாம் சந்தேகப்பட்ட மனுஷன்!

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பையைத் திறந்தார். ஸ்கேலின் முனையில் கேஜை நிறுத்தி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு கேஜை அப்படியே தூக்கி வெட்டு மேஜையின் கண்ணாடிமேல் வைத்தார். முள் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போய், அரை மில்லியையும் கொஞ்சம் கடந்து நின்றது. தப்பாக வைத்துவிட்டோம் என்று திருப்பி வைத்தார். மறுபடியும் அதே இடம். மனைவியின் நூல்கண்டிலிருந்து ஒரு முழம் இழுத்து ஸ்கேலின் நீளத்துக்கு விறைப்பாகப் பிடித்தார். நடுவெல்லாம் நூல் படிந்தது. முனைப்பக்கம் ஸ்கேல் ஒரு சின்ன மேடு தட்டி, அதற்கப்புறம் நூலைவிட்டு விலகிக் கீழே போனது. நூலுக்கும் இரும்புக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

மேட்டில் வைத்து இதுதான் சமம் என்று கேஜுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதுவும் நல்ல பிள்ளையாக, உண்மையான மேட்டையெல்லாம் சமம் என்றும் பள்ளம் என்றும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. டீச்சர் பியானோவில் பூஜ்யம் என்று எழுதிய இடத்தில் எல்லாம் அரை மில்லி அமுக்கம் முழுசாக இருக்கிறது.

"யாரு இந்த ஸ்கேலை எடுத்தது?" என்று கத்தினார்.

"உங்க பையை நாங்க தொட்டா நீங்க வீட்டை ரெண்டாக்கிடுவீங்களே, யாரு தொடுவா?" மனைவி ஸ்கேலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். வளைந்த முனையில் பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள். பிறகு எதிரே இருந்த அலமாரிக் கதவைக் காட்டினாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவரே வார்னிஷ் அடித்த கதவு. அதே பழுப்பு.

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வார்னிஷ் டப்பாவின் மூடி திறக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவர் மாடியில் இருந்தது. சோம்பல்பட்டுக் கையில் கிடைத்ததை வைத்து நெம்பினார். அவ்வளவுதான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவருக்குத் தன் கையே தெரியவில்லை.

மணி ஒன்பதரை. மச்சினனுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வேன் ஓட்டும்போது அவன் எடுக்கமாட்டான். இரண்டாம் தடவை போட்டபோது அவர் மனத்துக்குள் ஒரு குறுக்குவழி திறந்தது. போன வாரம் நல்ல மழை. ஈரக்காற்றில் ஒலிப்பலகை ஊறி மேலே எழும்பும், அமுக்கம் கூடும். அது உண்மை, தொழிலில் உள்ள யாரைக் கேட்டாலும் ஒத்துக்கொள்வார்கள். 'மழையில பலகை எழுந்துடுச்சு டீச்சர், பியானோவை வெச்சுக்குங்க' என்று ஒரு வார்த்தை. பியானோவும் பிழைத்தது, அரைமில்லி என்கிற பெயரும் பிழைத்தது. அவர் வெட்கத்தோடு அந்த வழியை இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்தார் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

"என்ன யோசனை?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"போன்ல சொல்லிட்டு உக்காந்துக்கலாம்னு பாக்காதீங்க. நேர்ல போங்க. அந்தம்மாகிட்ட காதைப் பத்தி என்னவோ சொன்னேன்னு அன்னைக்கே சொன்னீங்களே." நூல்கண்டை அவர் பையில் போட்டாள். "இதையும் எடுத்துட்டுப் போங்க. இழுத்துப் புடிச்சா இது வளையாது."

கேஜை மேஜைக் கண்ணாடியிலேயே வைத்துச் சரியாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் உட்காரப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்தபடி நின்றே போனார். நடுவுல நல்லா நின்னு கேக்குதே என்று டீச்சர் கேட்டது காதிலேயே நின்றது. அந்தச் சத்தம் எழுந்ததும் நீண்டதும் அவருக்கு இப்போது கேட்டது. அன்றைக்கே அவர் காதும் கேட்டுத்தான் இருக்கிறது. அவர்தான் அதைக் கேட்கவிடவில்லை. மழையென்று சொன்னால் பியானோ தப்பித்துவிடும். டீச்சரின் காது தப்பிக்காது. இரண்டு வாரத்துக்கு முன்னால் அது செத்துத்தான் இருந்தது, உங்கள் காதுதான் ஏமாந்தது என்பது அப்படியே நிற்கும். டீச்சர் திரும்பப் பாடம் எடுக்கமாட்டார்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் வேன் நின்றது. முன்னறையில் பியானோவின் பெரிய மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். பெஞ்சு வெளியே போயிருந்தது. நான்கு பேர் கயிறும் போர்வையுமாக நிற்க, மச்சினன் கீழே மல்லாந்து படுத்து ஒரு காலின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தான். டீச்சர் உள்ளறையில், கதவை ஒருக்களித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்து மாப்ள."

"என்ன மாமா, நீங்க சொல்லித்தானே நாலு பேரைத் திரட்டிக்கிட்டு வந்தேன்?"

அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். மச்சினன் ஸ்கேலை வாங்கிப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். இருபத்தாறு வருஷமாக அவன் காத்திருந்த நாள் அல்லவா? ஆனால் நல்லவன். குரலைத் தாழ்த்தி, "யானைக்கும் அடி சறுக்கும் மாமா. அதுக்காக மைக் வெச்சா சொல்லுவாங்க? போன வாரம் பெஞ்ச மழையில பலகை எழுந்துடுச்சுன்னு சொல்லிடுங்க. நீங்கதானே எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தீங்க" என்றான்.

"அது வேண்டாம் மாப்ள" என்று எழுந்து உள்ளறைக் கதவைத் தட்டினார்.

"டீச்சர், பியானோ சாகலை. நான்தான் தப்பா அளந்துட்டேன்."

டீச்சர் வெளியே வந்தார். அரைமில்லி ஸ்கேலை அவர் கையில் கொடுத்து, நூலை விறைப்பாகப் பிடித்துக் காட்டினார். டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முனையில் தெரிந்த வெளிச்சத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். வார்னிஷ் டப்பாவை இதால நெம்பினேன், வளைஞ்சுடுச்சு. இதை வெச்சு அளந்துட்டு உங்க காது சரியில்லன்னு சொன்னேன். நீங்க அன்னைக்குச் சொன்னது சரி. மேல இருக்கிற பத்துக் கட்டைதான் மங்கல். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அறையில் இருந்த நான்கு ஆட்களும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீச்சர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு வாரமா நான் ஒரு கட்டையைத் தொடல தம்பி. பதினோரு பிள்ளைங்களை அனுப்பிட்டேன். ஒருத்தி அழுதுக்கிட்டே போனா. அளவு பொய் சொல்லாதுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன் டீச்சர்." தலைகுனிந்து நின்றார். இரண்டு மாதத்தில் அந்தக் கேஜை வைத்த வேறு இரண்டு வீடுகளும் நினைவுக்கு வந்தன. அங்கேயும் போய் இப்படி நிற்கத்தான் வேண்டும்.

"சரி" என்றார் டீச்சர் கடைசியில். "இப்ப எதை வெச்சு அளப்பீங்க?"

"இந்த நூலை வெச்சு."

"குடுங்க, ஒரு முனையை நான் பிடிக்கிறேன். இந்தத் தடவை நானும் பாக்கிறேன்."

போர்வையை விலக்கினார்கள். அவர் முன்னால் கம்பி தொடங்குகிற இடத்தில் நூலை வைத்துப் பிடிக்க, டீச்சர் பின்னால் நின்று அதைப் பிரிட்ஜின் தலையைத் தொட்டுக்கொண்டு போகும்படி இழுத்துப் பிடித்தார். பிரிட்ஜைத் தாண்டியதும் நூல் நேராகப் போனது, கம்பி கீழே இறங்கியது. நடுவில் விழுந்த சந்தில் அவர் தன் விசிட்டிங் கார்டைச் செருகினார். போனது. இன்னொன்றையும் சேர்த்துச் செருகினார். அதுவும் போனது. மச்சினன் எட்டிப் பார்த்து, "இதுக்காவது உங்க கார்டு உபயோகப்பட்டுச்சே மாமா" என்றான். டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தார்.

மேலே இருக்கிற கட்டைகளிலும் அமுக்கம் இருந்தது. அப்படியானால் ஏன் மங்கல்? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எண் கிடைத்துவிட்டதே என்று அவர் வேறு எதையும் தேடவில்லை. இப்போது டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தார். பிரிட்ஜில் கம்பியை நிறுத்துகிற சின்ன ஆணிகளை ஒட்டி, பல கம்பிகள் மரத்தில் படியாமல் மயிரிழை மேலே ஏறி நின்றன. முட்டுக்கழி சரியாகவே இருக்கிறது, கொடிதான் அதன்மேல் உட்காரவில்லை. பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து, ஒவ்வொரு கம்பியையும் நோகாமல் தட்டிப் படியவைத்தார். இறங்கிய சுருதியை ஏற்றினார். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆட்கள் வேன் நிழலில் போய் உட்கார்ந்து டீ வரவழைத்துக்கொண்டார்கள்.

வேலை முடிந்ததும் கேஜை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி, அப்பழுக்கில்லாத எண்கள். வழக்கமாக இந்த இடத்தில் நோட்டைத் திருப்பி வீட்டுக்காரரிடம் காட்டுவார். அன்றைக்கு நோட்டை மூடிப் பைக்குள் போட்டார்.

"நீங்க வாசிச்சுப் பாருங்க டீச்சர்."

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கைகள் மடியிலேயே இருந்தன. "எனக்கு நல்லா இருக்கிற மாதிரிதான் தோணும். அது நிஜமா, பழக்கமான்னு எப்படித் தெரியும்?"

"தோணுறதைச் சொல்லுங்க. நான் அதைத்தான் கேட்டுப் பண்ணப்போறேன்."

டீச்சர் மேலிருந்து ஒவ்வொரு கட்டையாக இறங்கி வந்தார். முதலில் விரல் பயந்து பயந்து போனது. ஐந்தாறு கட்டை தாண்டியதும் ஒன்றில் நின்று, அதையே இரண்டு தடவை அழுத்தினார்.

"இது. இது மட்டும் சீக்கிரம் போயிடுது."

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது" என்றான் வாசலில் நின்ற மச்சினன்.

அரைமில்லிக்கும் ஒன்றாகத்தான் கேட்டது. கேஜும் ஒன்றாகத்தான் காட்டியது. இரண்டு வாரத்துக்கு முன்னால் இருந்தவர் 'அளவு சரியா இருக்கே டீச்சர்' என்று சொல்லியிருப்பார். இவர் டார்ச்சை எடுத்துக் குனிந்தார். அந்தக் கட்டைக்கு மூன்று கம்பிகள். இரண்டு நன்றாகப் படிந்திருந்தன. மூன்றாவது, ஆணியின் மறுபக்கத்தில், மூக்கைத் தொடுகிற அளவுக்குக் கிட்டே போனால்தான் தெரிகிற மாதிரி, மேலே நின்றது. பித்தளைத் துண்டை வைத்து ஒரே ஒரு தட்டு.

"இப்ப?"

டீச்சர் அந்தக் கட்டையை அழுத்தி, விரலை எடுக்காமல் வைத்திருந்தார். சத்தம் முழுசாகப் போய் முடிகிறவரை அந்த அறையில் யாரும் அசையவில்லை.

"இப்ப சரி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மறைக்கவும் இல்லை.

மச்சினன் பாதி கழற்றி வைத்திருந்த காலின் திருகை இறுக்குவதற்காக அரைமில்லி தானே பியானோவுக்கு அடியில் நுழைந்து படுத்தார். ஆட்கள் பெஞ்சை உள்ளே கொண்டுவந்து பழைய இடத்தில் போட்டார்கள். மேலே டீச்சர் போனில் யாருக்கோ நம்பர் அழுத்துவது கேட்டது.

"பியானோ டீச்சர் பேசுறேம்மா. திங்கட்கிழமை பிள்ளையை அனுப்புங்க, கிளாஸ் உண்டு" என்றார். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "இல்லம்மா, என் காதுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாக் கேக்குது."

கீழே அவர் திருகை இறுக்குவதை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.